ஒன்றரை ஷிப்ட் யாருக்கு லாபம்? பனியன் கம்பெனி வேலை நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் புரொடக்‌ஷன் பக்கம் வேலை பார்ப்பவன் நான். வேலை நேரம் பற்றி டைலர்கள் கேட்கிறார்கள், கான்ட்ராக்டர்கள் கேட்கிறார்கள், புதிதாக யூனிட் போட்டவர்களும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு ஏழு மணிக்கு மேல் தைக்கிற துணியால் கம்பெனிக்கும் பெரிய லாபம் இல்லை, தைக்கிறவருக்கும் இல்லை. ஆனால் எட்டு மணி நேரக் கூலியில் ஒரு குடும்பம் நடக்காத வரைக்கும் அந்த அரை ஷிப்டை யாராலும் நிறுத்த முடியாது.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன?

காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். சாப்பாட்டு நேரம், டீ நேரம் போக எட்டு மணி நேர வேலை. அதற்கு மேல் இரவு எட்டரை, ஒன்பது வரை ஓடினால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருக்கினால் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை போகும், அது இரண்டு ஷிப்ட். கம்பெனிக்குக் கம்பெனி அரை மணி முன்னே பின்னே இருக்கும். சனிக்கிழமை சம்பளம் போடும்போது “இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?” என்பதுதான் கணக்கு. ஆறு நாளும் ஒன்றரை பார்த்தவருக்கு ஒன்பது ஷிப்ட் வரும். மணிக்கணக்கில் பார்த்தால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 70 மணி நேரம்.

இது ஊரில் அவ்வளவு பழகிப்போய்விட்டது. “நான் ஒரு ஷிப்டோடு கிளம்பறனுங்க” என்று சொல்கிற டைலரை, அரை நாள் லீவு கேட்கிறவரைப் போலப் பார்க்கிறார்கள். முழு நாள் வேலையை முடித்துவிட்டுத்தான் அவர் கிளம்புகிறார்.

சட்டம் எவ்வளவு நேரம் அனுமதிக்கிறது?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்பது உச்சவரம்பாக இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். இடைவேளையையும் சேர்த்து உள்ளே போனதிலிருந்து வெளியே வருவது வரை பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டி வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அப்படியும் மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்று ஓ.டி.க்கு, அதாவது இந்தக் கூடுதல் நேர வேலைக்கு, ஓர் அளவு வைத்திருந்தார்கள். தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற இடத்தில் அந்த 50 மணி நேரம் மூன்று வாரம்கூடத் தாங்காது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலைகள் சட்டம் இருந்த இடத்தில் இப்போது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அதிலும் இருக்கிறது. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பதும் இருக்கிறது. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓ.டி. வாங்கக் கூடாது என்பதை அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுப்புக்கு முன்பு 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், இப்போது 180 நாள் போதும்.

நடைமுறை எப்படி என்று ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு ஷிப்ட் கூலி 600 ரூபாய் என்றால் மணிக்கு 75 ரூபாய். அரை ஷிப்ட் என்பது நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கையில் வருவது 300. சட்டப்படி மணிக்கு 150 வீதம் 600 வர வேண்டும். ஓ.டி. மலிவாகக் கிடைப்பதால்தான் அது தினமும் ஓடுகிறது. இரட்டிப்புக் கூலியை உண்மையாகவே கொடுக்க வேண்டியிருந்தால் பாதி கம்பெனிகள் அடுத்த மாதமே பிளானிங்கைச் சரி செய்துவிடும்.

எட்டு மணி நேரம் என்பது வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. உலகத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1919இல் போட்ட முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். ஆனால் அதற்குப் பதினோரு வருடம் முன்னால், 1908இல், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வையும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையும் வாங்கினார்கள். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பி அண்டு சி மில் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார், இந்தியாவில் அதுதான் முதல் முறை. அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் எட்டு மணி நேர வேலைக்கான பேச்சு வலுத்தது. 1946இல் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்தது 48 ஆனது.

நேரம் கூடினால் தைக்கிற பீஸ் எண்ணிக்கையும் கூடத்தானே செய்யும்?

ஓர் அளவு வரைக்கும் கூடும். முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் உற்பத்திக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவல் அவற்றை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டு 2014இல் வெளியிட்டார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட அதே அளவில் உற்பத்தியும் கூடியது. அதன் பிறகு கூடுகிற வேகம் குறைந்தது. 70 மணி நேரம் வேலை பார்த்தவர்கள் எடுத்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் எடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஞாயிறு ஓய்வு இல்லாத வாரங்களில் உற்பத்தி அடிவாங்கியதையும் அவர் காட்டியிருக்கிறார். அந்த 70 மணி நேரத்தைத்தான் நம் ஊரில் ஒன்பது ஷிப்ட் என்கிறோம்.

புத்தகக் கணக்கு வேண்டாம் என்றால் செக்கிங் டேபிள் பக்கத்தில் இரவு எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். காலையில் வந்த பீஸையும் அப்போது வருகிற பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோள்பட்டை ஜாயின்டில் ஓவர்லாக் தையல் விட்டிருக்கும். கழுத்து ரிப் ஒரு பக்கம் இழுத்திருக்கும். பாட்டம் மடிப்பில் பிளாட்லாக் ஊசி விளிம்பை விட்டு இறங்கி ஓடியிருக்கும். அந்தப் பீஸையெல்லாம் ஆல்டருக்கு ஒதுக்கி, தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்க மறுநாள் காலையில் அதே டைலரை உட்கார வைக்கிறோம். நல்ல கை ஓடுகிற காலை நேரம் இப்படி வீணாகிறது. புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டில் நேற்றைய பீஸ் நேற்றே ஏறிவிட்டது. இன்று பிரித்துத் தைத்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. அரை ஷிப்ட் லாபம் என்று தோன்றுவதற்கு இதுதான் பெரிய காரணம். உங்கள் யூனிட்டில் ஒரு வாரத்துக்கு மட்டும் ஆல்டர் எண்ணிக்கையை மணி வாரியாக எழுதச் சொல்லிப் பாருங்கள், நான் விளக்கவே வேண்டாம்.

பெரிய பெரிய தொழிலதிபர்களே வாரம் 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்கச் சொல்கிறார்களே?

2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 70 என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 என்றார். ஒன்றரை ஷிப்ட் டைலர் இந்த 70ஐப் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். உழைப்பு நேரம் மட்டுமே ஒருவரை முன்னேற்றும் என்றால் அவர் இந்நேரம் சொந்த வீடு கட்டியிருக்க வேண்டும்.

உடம்புக்கு என்ன ஆகும்?

உலக சுகாதார நிறுவனமும் ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்க்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்க்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016 ஒரே ஆண்டில் நீண்ட வேலை நேரத்தால் உலகம் முழுக்க சுமார் 7,45,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். புகையைப் போலவோ பஞ்சுத் தூசியைப் போலவோ கண்ணுக்குத் தெரியாது என்பதால் வேலை நேரத்தை யாரும் ஆபத்து என்று நினைப்பதே இல்லை.

டைலருக்கு இதோடு கழுத்து, தோள், இடுப்பு வலியும் சேரும். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். டைலருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்க்கிறவர் நின்றுகொண்டே இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் சமையல், துணி, பிள்ளைகள். காலை எட்டரைக்கு வர ஐந்து மணிக்கு எழ வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒரு பெண்ணுக்குத் தூங்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

மதியம் கொஞ்சம் தூங்கினால் வேலை கெட்டுப்போகாதா?

இதைச் சென்னையிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர்களை டேட்டா என்ட்ரி வேலையில் அமர்த்தி நடத்திய ஆய்வு, 2021இல் வெளிவந்தது. அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். கண் மறைப்பு, காதடைப்பு எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலையில் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் மதியம் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க இடம் கொடுத்தபோது, வேலை பார்க்கும் நேரத்தில் வேகம் கூடியது, கவனம் கூடியது, மனநிலையும் மேம்பட்டது. தூங்கிய நேரம் வேலை நேரத்திலிருந்து கழிந்ததால் மொத்த வருமானம் கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே நேரத்தைச் சும்மா இடைவேளையாக விட்டதைவிடத் தூங்கவிட்டது நல்ல பலன் தந்தது.

நம் யூனிட்களில் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிளுக்கு அடியில் கட்பீஸைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். அவர்களை விரட்டாதீர்கள். லைட்டை அணைத்து, பாட்டை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது.

வெயில் காலத்தில் புரொடக்‌ஷன் விழுவது சோம்பலால்தானே?

இல்லை. உடம்பு சூட்டை வெளியே தள்ள ரத்த ஓட்டத்தைத் தோலுக்குத் திருப்புகிறது, அந்த நேரத்தில் கை வேகமாக ஓடாது. ஈ. சோமநாதனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தியத் தொழிற்சாலைகளின் கணக்குகளை வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் ஆண்டு உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். நெசவு, ஆடை தைப்பு, இரும்பு என்று தினசரிக் கணக்கும் பார்த்திருக்கிறார்கள். குளிர்வசதி உள்ள ஆலைகளில் வேலை வேகம் விழவில்லை, ஆனால் அங்கேயும் லீவு எடுப்பது குறையவில்லை. வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் தூக்கம் வராமல் கிடக்கிறவர் காலையில் எப்படி வருவார்? எனக்குத் தெரிந்து அதற்கு அதுதான் காரணம்.

பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்த இன்னொரு ஆய்வு நமக்கு நேரடியாகப் பயன்படும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தையல் லைன்களில் டியூப்லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். எல்.இ.டி. சூடு குறைவாக விடுவதால் வெயில் நாட்களில் அந்த லைன்களில் உற்பத்தி முன்போல விழவில்லை. தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் எரிகிற விளக்கு டைலர் மேல் எவ்வளவு சூடு இறக்குகிறது என்று அதுவரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அயர்னிங் பகுதியைத் தையல் லைனிலிருந்து தள்ளி வைத்து, ஸ்டீம் வெளியேற எக்ஸாஸ்ட் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். இரண்டுக்கும் பெரிய முதலீடு தேவையில்லை.

பாத்ரூமுக்கு டோக்கன் வைப்பது சரியா?

சரியில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஒரு யூனிட்டில் சிங்கர் டைலர் அக்கா ஒருவர் மெஷின் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. மே மாதம். நெற்றி வேர்வை துணியில் விழாமல் இருக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். “தண்ணி குடிக்கலீங்களா அக்கா?” என்றேன். “குடிச்சாப் போகோணுமில்லீங்க. டோக்கன் அந்தப் பக்கம் போயிருக்குது” என்றார். முப்பது பேர் லைனுக்கு ஒரே டோக்கன், அது கையில் இருந்தால்தான் எழுந்து போக முடியும்.

தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்குவதால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் வருகிறது, அதற்கு லீவு போடுகிறார்கள். டோக்கனால் மிச்சமாகிற ஐந்து நிமிடம் அந்த ஒரு நாளிலேயே போய்விடுகிறது. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெக்கையில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு, குறைப்பிரசவம் போன்ற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது தெரிந்தது. மாசமான பெண்ணை அயர்னிங் பக்கம் நிறுத்தாதீர்கள்.

நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார உரிமை உண்டா?

உண்டு. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றார்கள். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது, அங்கே கடைப் பெண்கள் போராடி வாங்கினார்கள். அது ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களை மனதில் வைத்து வந்தது. தொழிற்சாலைகளுக்கு 1948 சட்டத்திலேயே இந்த விதி இருந்தது. செக்கிங் டேபிளுக்கு உயரமான ஸ்டூல் போட்டால் வேலை ஒன்றும் கெடாது.

நாலு நாள் பன்னிரண்டு மணி நேரம், மூன்று நாள் லீவு என்றால் நல்லதுதானே?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் இதற்கு வழி விடுகிற திருத்தம் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. சில நாளில் நிறுத்தி வைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஐந்தாம் நாளும் மெஷின் ஓடும், ஆளும் வர வேண்டியிருக்கும் என்று இந்த ஊரில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு மேலே இன்று ஓ.டி. என்று கேட்க முடிகிறது. பன்னிரண்டையே சாதாரண நாளாக்கிவிட்டால் அதையும் கேட்க முடியாது. திரும்பப் பெற்றது சரியான முடிவு.

தொழிலாளர்களே ஓ.டி. இல்லாத கம்பெனிக்கு வர மாட்டேன் என்கிறார்களே?

முதலாளிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. “எத்தனை ஷிப்டுங்க ஓடுது?” என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குச் சேர்கிறார்கள்.

ஆனால் ஏன் கேட்கிறார்கள்? மதுரை, தேனி பக்கமிருந்து வந்து லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், குழுக் கடன் தவணை என்று எல்லாமே ஒன்பது ஷிப்ட் சம்பளத்தை வைத்துத்தான் ஓடுகிறது. ஆறு ஷிப்ட் சம்பளத்தில் மாதம் முடியாது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஹாஸ்டல் அறைக்குச் சீக்கிரம் போய் அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? ஒரு ஷிப்ட் கூலி போதாது என்பதைத்தான் அவர்கள் ஓ.டி. கேட்டுச் சொல்கிறார்கள். சொன்ன பிறகும் காது கொடுக்காமல், “பாருங்கள், அவர்களுக்கே விருப்பம்” என்று நாம் எழுதிக்கொள்கிறோம்.

மறுத்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டோடு கிளம்புகிற பெண்ணுக்கு மறுநாள் நல்ல ஆபரேஷன் (தையலில் ஒரு பகுதி வேலை) கிடைக்காது. பீஸ் ரேட் குறைந்த வேலை அவர் பக்கம் தள்ளப்படும். இப்படி இருக்கும்போது வாங்குகிற சம்மதத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கூலியை ஏற்றி ஆறு ஷிப்டில் நிறுத்திப் பாருங்கள். எத்தனை பேர் அப்போதும் ஒன்பது கேட்கிறார்கள் என்று தெரியும்.

ஆர்டர் கொடுக்கிற பையர் அவசரப்படுத்தினால் நாங்கள் என்ன செய்வது?

இந்தக் குறை நியாயமானது. சாம்பிள் அப்ரூவல் தர பையர் மூன்று வாரம் இழுப்பார், ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. சாயப்பட்டறையிலிருந்து துணி ஷேட் சரியில்லாமல் திரும்பும், அதுவும் தையலின் தலையில் விழும். தாமதித்தால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் உங்கள் செலவில் அனுப்பச் சொல்வார். முன்னால் தொலைந்த நாட்களையெல்லாம் கடைசியில் உட்கார்ந்திருக்கிற டைலர் தன் இரவுகளில் ஈடுகட்டுகிறார். தன் சப்ளையர் தொழிற்சாலைகளில் 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று ஆடிட்டர் அனுப்புகிற பையர், தன் அப்ரூவல் தாமதத்தையும் அதே ஆடிட்டில் சேர்க்கட்டும். அப்ரூவல் தேதி தள்ளினால் ஷிப்மென்ட் தேதியும் தள்ளும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். சிறிய யூனிட்டால் தனியாக இதைக் கேட்க முடியாது, ஏற்றுமதியாளர் சங்கம் மூலமாகக் கேட்க முடியும்.

சூப்பர்வைசர் திட்டினால்தானே வேலை நடக்கும்?

திட்டுகிற லைனில் ஆள் நிற்க மாட்டார்கள், புது ஆளுக்குக் கை பழகுகிற வரைக்கும் புரொடக்‌ஷன் கிடையாது. பெண்களிடம் அது திட்டோடு நிற்பதும் இல்லை. திண்டுக்கல் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் 2022இல் நிர்வாகத்தோடும் எச் அண்டு எம், கேப் போன்ற பிராண்டுகளோடும் ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதைச் சொல்கிறார்கள். அதன்படி தொழிலாளிகளே பயிற்சி பெற்று லைனில் கண்காணிப்பாளர் ஆனார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு கட்டாயம், இது 2013 சட்டம். நோட்டீஸ் போர்டில் பெயர் மட்டும் ஒட்டிய குழுவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கிற பெண்ணுக்கே தான் உறுப்பினர் என்று தெரியாது.

இருபது மெஷின் வைத்துக் கூலிக்குத் தைக்கிற பவர் டேபிள் யூனிட் எங்கிருந்து தொடங்கலாம்?

தண்ணீர், கழிப்பறை, விளக்கு, ஸ்டூல். இந்த வரிசையில். பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது ஐந்தரைக்கு எல்லாரையும் ஒன்றாக அனுப்பிவிட்டு, அந்த வார ஆல்டரையும் லீவையும் முந்தின வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

எனக்கு ஓ.டி. இரட்டிப்பாக வரவில்லை. யாரிடம் போவது?

தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். கடை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. சங்கத்தில் இருப்பவர்கள் சங்கம் மூலம் போவது பாதுகாப்பு, தனி ஆளாகப் போனால் அடுத்த வாரமே வேலை போகலாம்.

போவதற்கு முன் கையில் கணக்கு வேண்டும். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சனிக்கிழமை வாங்கிய தொகை மூன்றையும் தினமும் ஒரு சிறிய நோட்டில் எழுதி வையுங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், மீதி 3.25 சதவீதம் கம்பெனி கட்ட வேண்டும். நோய் விடுப்பில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் உங்கள் பெயரில் கட்டியிருக்கிறார்களா என்று இ.எஸ்.ஐ. எண்ணை வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.